மூடி மாறிய தட்டு

1

"மூடியில எழுதியிருந்தேன்டா."

"எதோட மூடியில?"

"தட்டோட மூடியில. தட்டுலதான் எழுதணும். மூடி கையோட கழண்டு வரும், திருப்பிப் போட்டாலும் பேசாம உட்கார்ந்துக்கும். இது முதல் நாள் பாடம். எனக்கு அப்புறம் வந்த பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன். மூடியில எழுதினா முட்டாள்னு."

"சரி, முட்டாள். ஒரு தட்டு வீணாப் போச்சு. அதுக்கா இப்படி உட்கார்ந்திருக்கே?"

"வீணாப் போயிருந்தா நிம்மதியா இருந்திருப்பேனே."

இந்தக் கதை இந்த இடத்தில்தான் தொடங்கியது. பேசியவள் என் சின்னக்கா. மருந்துச் செடிகளின் சாற்றைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். கேட்டவன் நான். கழுவிய கண்ணாடிக் குடுவைகளைக் கவிழ்த்து உலரவைக்கும் அறைக்கு வெளியே ஒரு படிக்கட்டு இருக்கிறது, அதில் உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. நாங்கள் எழுந்து போகும்வரை அதில் மீதிப் பாதி அப்படியே இருந்தது என்பதை அப்போது கவனிக்கவில்லை. எழுதும்போதுதான் தெரிகிறது.

நான் படித்து மயங்கிய மொழிபெயர்ப்பு நாவல்களில் கதைகள் ஒரு ரயில் நிலையத்தில் தொடங்கும். அல்லது யாரோ ஒருவர் பெரிய வீட்டின் சாவியோடு வந்து இறங்குவார். எனக்கு வாய்த்தது ஒரு பிளாஸ்டிக் மூடி.

விஷயத்தைக் கடைசிவரை ஒளித்துவைத்து உங்களை அதிரவைக்கும் எண்ணம் எனக்கில்லை. அதிர்ந்துபோயிருப்பது நான், அது போதும். எனவே சொல்லிவிடுகிறேன். என் பெரியக்காவுக்கு மார்பில் புற்றுநோய். மருத்துவமனையில் அவளுக்குச் சொட்டுச் சொட்டாகச் சிவப்பு மருந்து ஏற்றுகிறார்கள். அதோடு, வீட்டில் ஓர் இலையின் கஷாயத்தையும் அவள் தினமும் குடிக்கிறாள். சின்னக்கா ஆய்வகத்தில் சோதித்துவரும் அதே இலை. அந்த இலை, சிவப்பு மருந்திடமிருந்து புற்றுநோய்ச் செல்களைக் காப்பாற்றுகிறது என்று மூடி திரும்பிய ஒரு தட்டு சொல்லிவிட்டது.

அடுத்த மருந்து வியாழக்கிழமை. அதற்குள் பெரியக்காவிடம் சொல்ல வேண்டும்.

கதை இவ்வளவுதான். இதை எழுத ஏன் இத்தனை நாளாகத் திணறுகிறேன் என்பதுதான் மீதி.

2

கைவிட்ட தொடக்கங்கள் சிலவற்றை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

"மழை ஓயாத ஒரு நகரத்தில், பச்சை நிறத்தின் மீது நம்பிக்கை இழந்துகொண்டிருந்த ஒரு பெண், தன் சன்னலுக்கு வெளியே"

இங்கே நிறுத்தினேன். எங்கள் ஊரில் அந்த வாரம் மழை இல்லை. சின்னக்காவின் அறையில் சன்னலும் இல்லை. தூசி வரக்கூடாது என்று சுவரோடு சுவராக அடைத்துவிட்டார்கள். அவள் இந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்: *எனக்குப் பச்சை மேல் ஒரு கோபமும் இல்லை. நடந்ததை எழுது.*

இரண்டாவது தொடக்கம்: "அந்தச் செடியின் பெயர்"

இங்கேயும் நிறுத்தினேன். பெயரை எழுதினால் உங்களில் ஒருவர் அதைத் தேடுவார். ஒருவர் பறிப்பார். ஒருவர் தன் வீட்டில் படுத்திருக்கும் யாருக்காவது அடுப்பில் ஏற்றுவார். அன்பினால்தான் ஏற்றுவார், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஏற்றினோம். ஆகவே இந்தக் கதையில் அது 'இலை' மட்டும்தான். சாலையோரத்தில் முளைப்பது, கசப்பது, கசக்கினால் விரலில் பழுப்புக் கறை ஒட்டுவது. இந்த அடையாளங்களைக்கூடக் கொஞ்சம் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது தொடக்கம் சின்னக்கா சொல்லச் சொல்ல எழுதியது: "இலையை நிழலில் உலர்த்திப் பொடியாக்கிச் சாராயத்தில் ஊறவைத்து வடிகட்டி, சாராயம் ஆவியாகும்வரை சுழலவிட்டால் கடைசியில் குடுவையின் அடியில் தார் மாதிரி ஒன்று மிஞ்சும். ஒரு சாக்கு இலைக்கு ஒரு கரண்டி."

இது நன்றாகவே இருந்தது. ஆனால் இதில் யாருமே இல்லை.

3

இதில் யாராவது வருவதற்கு முன் இரண்டு நிறங்களை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதா, மஞ்சள். சின்னக்காவின் வாழ்க்கை இந்த இரண்டில் அடங்கிவிட்டது.

முதல் சோதனையில், ஒரு கண்ணாடிக் குழாயில் ஊதாத் திரவம் இருக்கும். அதற்குள் இருக்கும் மூலக்கூறுகள் ஒரு நிலையில் நிற்காதவை. பக்கத்தில் இருப்பதிடமிருந்து எதையாவது பிடுங்கத் துடிப்பவை. நம் உடம்புக்குள்ளும் இப்படிப்பட்ட பிடுங்கிகள் உண்டு. அவை செல்களைக் காயப்படுத்தும். இலைச்சாற்றை ஒரு சொட்டு விட்டால், சாறு நல்லதாக இருந்தால், பிடுங்கிகளுக்கு வேண்டியதைக் கொடுத்து அடக்கிவிடும். ஊதா மறைந்து மஞ்சளாகும். எங்கள் இலையை விட்டபோது கண்ணை இமைக்கும் முன் மஞ்சளானதாம். ஆய்வகத் தலைவி, எல்லோரும் 'மேடம்' என்று அழைப்பவர், குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "இவ்வளவு நல்ல பிள்ளையா நீ?" என்று இலையிடமே கேட்டாராம்.

இரண்டாவது சோதனைக்குத்தான் தட்டு. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் உயிருள்ள புற்றுநோய்ச் செல்கள். முதல் வரிசையில் இலைச்சாறு மிகக் குறைவாக, அடுத்ததில் கூடுதலாக, அதற்கடுத்ததில் இன்னும் கூடுதலாக. பிறகு மஞ்சள் சாயம். உயிரோடிருக்கும் செல் அந்த மஞ்சளை ஊதாவாக்கிவிடும். செத்த செல் சும்மா கிடக்கும், மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

(இங்கே நான் "செல்கள் தங்கள் கடைசி மூச்சில் ஊதா நிறத்தில் அழுதன" என்று எழுதியிருந்தேன். சின்னக்காவின் பென்சில்: *செல் அழாது. இதை எடுத்துவிடு. மேடம் பார்த்தால் என்னைக் கேலி செய்வார்.*)

ஆக, இரண்டு சோதனையிலும் மஞ்சள் என்றால் கைதட்டலாம். ஊதா என்றால் உதட்டைப் பிதுக்கலாம்.

இன்னும் ஒன்று. ஒவ்வொரு தட்டிலும் கடைசி வரிசையில் இலைச்சாறு கிடையாது. செல்களை நிச்சயம் கொல்லும் என்று தெரிந்த ஒரு மருந்தை அதில் விடுவார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அது சிவப்பாக இருக்கும். மருத்துவமனையில் பெரியக்காவின் கையில் ஏறுகிறதே, அதே மருந்து. பெயர், நிறம், மணம் எல்லாம் அதேதான்.

"நோய்னு தெரிஞ்ச அன்னைக்கு அப்புறம் அந்தக் குப்பியைத் திறக்கவே பிடிக்கலடா," என்று ஒருமுறை சொன்னாள். "அங்க ஒரு பை நிறைய ஏத்துறாங்க. இங்க நான் ஊசி முனையில எடுத்து விடுறேன். ரெண்டும் ஒரே சிவப்பு."

4

இப்போது ஆட்களைக் கொண்டுவரலாம்.

பெரியக்காவின் கணவரை நான் மாமா என்பேன். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்பவர் பக்கம் ஒரு பிரேக், அவர் பக்கம் ஒரு பிரேக் என்று இரண்டு பிரேக் வைத்த கார். நாள் முழுக்க யாரோ ஒருவர் எதன் மீதாவது மோதப் போகும் நொடியில் காலை அழுத்தி அழுத்தி, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய வலது கால் அவ்வப்போது தரையை மிதிக்கும். இலை அவர் காட்டியதுதான். பின்பக்கமாக வண்டியை எடுக்கப் பழக்கும் மைதானத்தின் ஓரத்தில் அது புதராக மண்டியிருந்தது. சின்னக்காவுக்கு முதல் சாக்கைக் கொண்டுவந்து இறக்கியதும் அவரே.

அதிகச் சாறு விட்ட வரிசைகள் எல்லாம் முதன்முறையாக மஞ்சளாக நின்ற அன்று, சின்னக்கா வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தாள்.

"அக்கா, நம்ம இலை கொல்லுது."

மாமா சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்தார். "எதை?"

"புற்றுநோய்ச் செல்லை. ஆனா தட்டுல. நல்லாக் கேட்டுக்கங்க மாமா, தட்டுல. தட்டுல பிளீச்சிங் பவுடர் போட்டாலும்தான் சாகும்."

"பிளீச்சிங் பவுடரைக் குடிக்க முடியாது. இலையைக் குடிக்கலாமே, டாக்டரம்மா?"

"நான் இன்னும் டாக்டர் ஆகல. ஆகவும் விடமாட்டீங்க போலிருக்கு. மாமா, தட்டு வேற, உடம்பு வேற."

"உடம்புல இருக்கிறதும் செல்லு, தட்டுல இருக்கிறதும் செல்லு. ரெண்டும் வேற வேற ஜாதியா?"

பெரியக்கா தலையில் கட்டியிருந்த துணியைச் சரிசெய்துகொண்டே, "உங்க ரெண்டு பேர் சண்டையில என்னைக் கழுவிக் கவுத்து வச்சுடாதீங்க," என்றாள்.

அந்த வாரம் முழுக்கச் சின்னக்கா சண்டை போட்டாள். அந்த அளவு சாறு உடம்பில் சேர வேண்டுமென்றால் ஒரு தொட்டி கஷாயம் குடிக்க வேண்டும் என்றாள். எந்த உறுப்பை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது என்றாள். மாமா பொறுமையாகக் கேட்டார். மறுநாள் விடியற்காலையில் இலை கிள்ளிக்கொண்டு வந்து அடுப்பில் வைத்தார்.

அவரைக் குறை சொல்லி ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. (எழுதியது: "அறியாமையும் அன்பும் ஒரே பாத்திரத்தில் கொதித்தன." அழகாக இருக்கிறது, பொய். அவர் அறியாதவர் அல்ல. எதிரில் வண்டி வருகிறது, காலுக்கடியில் பிரேக் இல்லை. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தார்.) காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். கொடுத்துவிட்டு நகர மாட்டார். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, காலி டம்ளரை வாங்கி, உள்ளே பார்த்துவிட்டுத்தான் போவார்.

அடுத்து நடந்ததுதான் சின்னக்காவின் வாயை அடைத்தது. பெரியக்கா சாப்பிடத் தொடங்கினாள். வாந்தி குறைந்தது. மருந்து ஏற்றிய மறுநாளே எழுந்து துணி மடித்தாள். மாமா என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார், சின்னக்காவைப் பார்த்து இன்னும் கொஞ்சம் உயர்த்துவார்.

மருத்துவமனையில் ஊசி போடும் நர்ஸ் வழக்கமான கேள்வியைக் கேட்டார். "வேற ஏதாவது எடுத்துக்கிறீங்களா? நாட்டு மருந்து, சத்து மாத்திரை, ஏதாவது?"

"என் தம்பி எழுதுற கதையை எடுத்துக்கறேன்," என்றாள் பெரியக்கா. "கொஞ்சம் மயக்கம் வருது. மத்தபடி பரவாயில்லை."

அந்த அறையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேள்வி அதோடு போய்விட்டது.

5

தட்டுக்கு வருகிறேன். இந்தப் பகுதியை நான் அதிகம் தொடவில்லை. சின்னக்கா படிக்கட்டில் சொன்னபடியே இருக்கிறது.

அவள் சாறு விடும் மேடையை இன்னொரு மாணவியும் பங்குபோட்டுக்கொள்கிறாள். அன்று சின்னக்காவுக்கு அவசரம். எந்த வரிசையில் என்ன என்பதைத் தட்டின் விளிம்பில் எழுதாமல் மூடியில் எழுதினாள். சாறு விட்டாள். மூடினாள். சிவப்பு மருந்தை எடுத்துவரப் போனாள். அந்த இடைவெளியில் மற்றவள் தன் தட்டுகளுக்கு இடம் செய்ய இதை நகர்த்தினாள், மூடி கழன்றது, எடுத்துப் போட்டாள். முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டாள் என்பது அவளுக்கே தெரியாது.

மூடியைப் பார்த்துத் தட்டை வைத்துக்கொண்ட சின்னக்கா, கடைசி வரிசை என்று நினைத்து முதல் வரிசையில் சிவப்பு மருந்தை விட்டாள். அதில் ஏற்கெனவே இலைச்சாறு இருந்தது. மிகக் குறைந்த அளவு. அந்த அளவில் இலை தனியாக எதையும் கொல்லாது; பெயருக்கு இருக்கும்.

(இங்கே கவனியுங்கள். ஒரு டம்ளர் கஷாயம் குடித்தால் உடம்பில் சேர்வது, சேர்ந்தால், இந்த அளவுக்குத்தான் பக்கத்தில் வரும். மஞ்சளாகி எங்களைத் துள்ளவைத்த அந்த அதிக அளவுக்கு அருகில்கூட வராது. இது என் அடிக்குறிப்பு; இதைச் சொல்லாமல் மேலே போக முடியாததால் இங்கேயே வைத்துவிட்டேன்.)

சாயம் விடும் நாள் வந்தது. பழைய திரவத்தை உறிஞ்சும்போதுதான் பார்த்தாள். கடைசி வரிசையில் இருக்க வேண்டிய இளஞ்சிவப்பு முதல் வரிசையில் இருந்தது.

"தலையில அடிச்சுக்கிட்டேன்," என்றாள். "முதல் வரிசை போச்சு, கடைசி வரிசை போச்சு. நடுவுல இருக்கிறதையாவது பார்ப்போம்னு சாயத்தை விட்டேன். முதல் வரிசை மஞ்சளாத்தான் நிக்கும். அந்த மருந்து போன இடத்துல எதுவும் பிழைக்காதுடா. நான் இத்தனை தட்டு பார்த்திருக்கேன், ஒரு தடவை பிழைச்சதில்ல."

அவள் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து தட்டை எடுத்தாள்.

முதல் வரிசை ஊதா.

இந்த வரியை நான் வேறுமாதிரி எழுதிப் பார்க்கவில்லை.

முதலில் அவள் நம்பவில்லை. நம்பாமலிருக்க அவளுக்குப் பயிற்சி இருக்கிறது. இலையே சாயத்தை ஊதாவாக்கியிருக்கலாம் என்று நினைத்தாள். அப்படி ஏமாற்றும் சாறுகள் உண்டு. செல்லே இல்லாத குழியில் இலையையும் சாயத்தையும் மட்டும் விட்டுப் பார்த்தாள். மஞ்சளாகவே இருந்தது. மருந்து கெட்டுப்போயிருக்கலாம் என்று நினைத்தாள். மருந்தைத் தனியாக விட்டாள். எல்லாம் செத்து மஞ்சளாயின. மேடத்திடம் போய் நின்றாள்.

"மூணு தடவை செய்," என்றார் மேடம். "மூணு தடவையும் வந்தா, அப்புறம் பயப்படலாம்." பிறகு, இவள் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, யாருக்காவது கொடுத்துட்டியா?" என்று கேட்டார்.

மேடம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

மூன்று தடவையும் வந்தது.

காரணம் இதுவாக இருக்கலாம் என்கிறாள். சிவப்பு மருந்து கொல்லும் வழிகளில் ஒன்று, செல்லுக்குள் அந்தப் பிடுங்கிகளை அவிழ்த்துவிடுவது. எங்கள் இலை பிடுங்கிகளை அடக்கும் நல்ல பிள்ளை. முதல் சோதனையில் கைதட்டு வாங்கிய அதே குணம். அது செல்லைக் காப்பாற்றும். யாருடைய செல், எந்தச் செல் என்று பார்க்காது.

நான் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டேன். கேட்டு முடித்ததும் ஒரு வாக்கியம்கூட மனதில் இல்லை. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு வாக்கியம் தேடுகிறவன் நான். எதிரில் ஒரு பையன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான். அவன் போவது மட்டும்தான் தெரிந்தது. அவனோடு சேர்த்து எதுவும் தோன்றவில்லை.

6

முடிவுகள்.

முதல் முடிவு: பெரியக்கா அந்தக் கஷாயத்தைக் குடிக்கவே இல்லை. மாமா பார்க்காதபோது இத்தனை நாளும் சன்னலுக்கு வெளியே ஊற்றிவந்திருக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறோம், கொஞ்சம் அழுகிறோம். இதை ஒரே மூச்சில் எழுதினேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சின்னக்காவின் பென்சில்: *மாமா டம்ளர் காலியாகும்வரை நகர மாட்டார் என்று நீதானே எழுதியிருக்கிறாய்?* பிடித்தமான முடிவு என்பதால் எனக்கே அதன்மீது சந்தேகம் இருந்தது.

இரண்டாவது முடிவு: மருத்துவர் பார்த்துக்கொள்கிறார். சின்னக்கா உண்மையிலேயே அவருக்குப் போன் செய்தாள். அவர் திட்டவில்லை, அதுவே பயமாக இருந்தது என்றாள். "தட்டுல பார்த்தது உடம்புல நடக்குமான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாத ஒண்ணை என் மருந்தோட சேர்க்க வேண்டாம். இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க. அவங்க வாயாலயே வந்து என்கிட்ட சொல்லட்டும்." ஆக, இதுவும் முடிவாகவில்லை. சுற்றிக்கொண்டு போய் அதே கதவின் முன்னால் நிற்கிறோம்.

மூன்றாவது முடிவு: "வியாழக்கிழமை காலை, பெரியக்கா"

இதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை.

"நீ ஏன் சொல்லமாட்டேங்கிற?" என்று சின்னக்காவைக் கேட்டேன்.

"நான் சொன்னா சண்டை போடுவா. எனக்கும் அவளுக்கும் பேச்சுன்னாலே சண்டைதான். அன்னைக்கு 'கொல்லுது'ன்னு செருப்போட ஓடிவந்து சொன்னதும் நான், இன்னைக்கு 'காப்பாத்துது'ன்னு சொல்றதும் நானா? வாயைத் திறந்தா அழுதுருவேன். நீ எழுதுறேல்ல? எழுதிக் கொடு. உன் கதையைத் திட்டிக்கிட்டே படிப்பா, ஆனா பாதியில வைக்கமாட்டா."

இதுவரை நீங்கள் படித்தது அப்படி எழுதிக் கொடுத்ததுதான். வாசகரே வாசகரே என்று நான் கூப்பிட நினைத்த ஆள் ஒருத்திதான். உங்களுக்குக் கிடைத்திருப்பது அவள் படித்த பிரதி.

7

இந்தப் பகுதி அவள் கையில் கொடுத்த தாள்களில் இல்லை.

புதன்கிழமை, மாமா வகுப்புக்குப் போயிருந்த மதிய நேரம். பெரியக்கா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் தாள்களை வைத்துக்கொண்டாள். நான் எதிரில் ஸ்டூலில்.

"மூடி, தட்டு... என்னடா இது, பாத்திரக்கடை கதையா?"

"படி."

ஒன்றாம் பகுதியின் கடைசிக்கு வந்தபோது அவள் விரல் தாளின் ஓரத்தில் நின்றது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் எதிர்பார்த்ததுபோல் தாளை வைத்துவிடவும் இல்லை. தொடர்ந்து படித்தாள். நான்காம் பகுதியில் ஒரு இடத்தில், "கழுவிக் கவுத்துன்னு நான் சொல்லல. சாக்கடையில ஊத்திடாதீங்கன்னு சொன்னேன்," என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஐந்தாம் பகுதியை முடித்துவிட்டுத் திரும்பவும் அதன் தொடக்கத்துக்குப் போனாள்.

பக்கத்து வீட்டில் யாரோ மேசையை இழுத்தார்கள். அவள் படித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவையா செஞ்சா?"

"மூணு தடவை."

"மூணும் ஊதாவா?"

"ஊதா."

"அன்னைக்குக் கொல்லுதுன்னப்ப, தட்டு வேற உடம்பு வேறன்னு ஒரு வாரம் கத்தினா. இன்னைக்கு மட்டும் தட்டு பேசுறதை உடம்பு கேக்கணுமாம். இது எந்த ஊரு நியாயம்?"

இந்தக் கேள்வி வரும் என்று சின்னக்காவுக்குத் தெரிந்திருந்தது. பதிலையும் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஒப்பித்தேன். "கொல்லுதுன்னு சொன்னதை நம்பாம விட்டா நமக்கு ஒண்ணும் போகாது, மருந்து அது பாட்டுக்கு ஏறும். காப்பாத்துதுன்னு சொல்றதை நம்பாம விட்டா, மருந்தே வீணாயிரும்."

"இது அவ சொன்னதா?"

"ஆமா."

"அதான் புரியுற மாதிரி இருக்கு."

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். தாள்களை அடுக்கி, நாலு பக்கமும் தட்டி, சீராக்கி, தலையணையின் நடுவில் வைத்தாள்.

"எனக்கு நல்லா இருந்துச்சேடா," என்றாள். "சாப்பிட முடிஞ்சுது. தூக்கம் வந்துச்சு. உடம்பு லேசா இருந்துச்சு." பிறகு கையைத் தன் நெஞ்சின்மேல், கட்டி இருக்கும் பக்கத்தில் வைத்தாள். "எனக்கு நல்லா இருந்துச்சா, இல்ல இதுக்கு நல்லா இருந்துச்சா?"

இத்தனை பக்கம் எழுதியும் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. சின்னக்காவுக்குத் தோன்றியிருக்கும், அவள் பென்சிலால் எழுதவில்லை.

"தெரியல," என்றேன். "யாருக்கும் தெரியாதாம். ஒண்ணுமே ஆகாமகூட இருந்திருக்கலாம்."

"நிறுத்திடறேன். நாளைக்கு டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன், நானே. ஆனா உங்க மாமாவுக்குத் தெரிய வேண்டாம்."

"அக்கா, அவர்தானே கொடுக்கிறாரு. எப்படித் தெரியாம..."

"காலைல இலையைக் கிள்ளிட்டு வரும்போது விசிலடிச்சுக்கிட்டு வர்றாருடா. எனக்கு வந்ததுல இருந்து அந்த மனுஷன் விசிலடிச்சு நான் கேக்கல. இந்த இலை வந்த அப்புறம்தான். இப்பப் போய், நீங்க உங்க கையால ஊத்திக் கொடுத்தது..." முடிக்கவில்லை. "கசக்குதுன்னு சொல்லிக்கறேன். வயித்தைப் பிரட்டுதுன்னு சொல்லிக்கறேன். ஏதோ ஒண்ணு. நான் பார்த்துக்கறேன்."

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. மாமா அன்று சீக்கிரம் வந்துவிட்டார். நேராகச் சமையலறைக்குப் போவதும், பாத்திரத்தின் மூடி சரிவதும், அடுப்பைப் பற்றவைப்பதும் கேட்டன. பெரியக்கா தாள்களைத் தலையணைக்கடியில் தள்ளப் பார்த்தாள். அதற்குள் ஆவி பறக்கும் டம்ளரோடு அவர் உள்ளே வந்துவிட்டார்.

"என்ன, அக்காவும் தம்பியும் பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"வயித்தைப் பிரட்டுது," என்றாள் பெரியக்கா.

"அதுக்குத்தான் இது. நாளைக்கு மருந்து ஏத்தணும்ல? இன்னைக்குக் கொஞ்சம் கெட்டியாவே வச்சிருக்கேன்."

டம்ளரை அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள் பார்த்தாள். மாமா வழக்கம்போல் பக்கத்தில் நின்றார். அவர் கண் தலையணைமேல் இருந்த தாள்களில் விழுந்தது.

"கதையா? எதைப் பத்தி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியக்கா சொன்னாள். "இலையைப் பத்தி."

"நம்ம இலையா?" அவர் முகம் விரிந்தது. "நான் வர்றேனா அதுல?"

"வர்றீங்க."

"அட." மாமா டம்ளருக்குக் காவல் நிற்பதை விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். தாள்களை எடுத்து என் மடியில் வைத்தார். "அப்ப வாசி மாப்ளே. நீ வாசி, அவ குடிக்கட்டும். முதல்ல இருந்து வாசி. நடுவுல இருந்து கேட்டா எனக்குப் புரியாது."